வெள்ளிக்கிழமைத் தாள்கள்

"வீட்டுல சாம்பிராணி போடுவீங்களா?"

மகளுக்கு மூச்சிரைப்பு என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி இதுதான். அடுத்தது கொசுவத்தி. அதற்கடுத்தது விறகடுப்பு. அப்புறம் சீட்டில் எழுதியிருக்கும் முகவரியைப் பார்ப்பார்கள். முகத்துவாரக்குப்பம் என்று இருக்கும். உடனே, "கருவாடு வீட்டுக்குள்ளயே காய வைப்பீங்களா?" எந்தக் கேள்வியில் ஆரம்பித்தாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: பிள்ளையின் மூச்சைக் கெடுத்தவள் பெற்றவள். எனக்கு வாய் நீளம், குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, விலா எலும்பு தெரிய இழுத்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய்க்கு வாய் வரும்? தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வருவேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கொசுவத்தி போய் வலை வந்தது. வெந்நீர் வைக்கும் விறகடுப்பை உடைத்துப் போட்டேன். கருவாட்டுக்கூடையை வாசலைத் தாண்ட விடவில்லை. கடைசியாகச் சாம்பிராணி. அதில்தான் என் வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். அவர் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமை போட்டுக்கும் இஞ்சினுக்கும் கற்பூரம் காட்டி, சாம்பிராணி போட்டு, பிறகு அதே புகையை வீட்டுக்குள் மூலை மூலையாகக் கொண்டுபோவது அவர் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாளு கூடவாமே போடக் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது. புள்ள வேணுமா, புகை வேணுமா?"

அவர் வீட்டுக்குள் போடுவதை விட்டார். போட்டுக்கு மட்டும் கரையில் காட்டிக்கொண்டார். இவ்வளவும் செய்தேனே, மகளுக்கு இழுப்பு குறைந்ததா என்றால், இல்லை. மாதம் இரண்டு தடவை அதே ஆஸ்பத்திரி, அதே நெபுலைசர், அதே கேள்விகள். குப்பத்தைச் சுற்றி அனல்மின் நிலையமும் எண்ணெய், உரக் கம்பெனிகளும் புகைபோக்கிகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் விரலில் மை ஒட்டும். "இந்தக் காத்துதான்மே, உன் தப்பு இன்னா கீது" என்பார் அவர். ஆனால் எந்த டாக்டர் சீட்டிலும் காற்று என்று எழுதவில்லையே. என்னால்தானா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்தால் என் கட்டை வேகாது என்று தோன்றும்.

நான் நகரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஒப்பந்த வேலைதான். கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது, அமிலத்தை நீர்க்க வைப்பது, தராசு துடைப்பது. அங்கே ஒரு மேடம் காற்றிலுள்ள நுண்தூசியை ஆராய்ச்சி செய்கிறவர். வடசென்னையில் ஓர் ஆண்டுக்கு மெஷின் வைக்க மொட்டை மாடி தேடினார். திருவொற்றியூரில் கேட்டார், தண்டையார்பேட்டையில் கேட்டார். கரண்ட் போகும் என்றார்கள், சத்தம் வரும் என்றார்கள். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: என் பையன் கம்பெனியில வேலை செய்யறான்மா, எதுக்கு வம்பு.

"எங்க மாடி இருக்கு மேடம்" என்றேன் நான்.

"யோசிச்சு சொல்லுங்க. பின்னாடி யாராவது வந்து கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். எனக்கும் கேக்கறதுக்கு நிறைய இருக்கு."

இப்படித்தான் அந்த மெஷின் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த எங்கள் ஓரடுக்கு வீட்டின் தலையில் ஏறி உட்கார்ந்தது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு தகரப் பெட்டி, மேலே தொப்பி, உள்ளே காற்றை இழுக்கும் மோட்டார். பெரிய தூசி முதல் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். மூக்கு முடியையும் சளியையும் ஏமாற்றிவிட்டு நுரையீரலின் அடிவரைக்கும் போகிற சன்னமான தூசி மட்டும் கீழே இறங்கி ஒரு வட்டத் தாளில் படியும். சின்ன அப்பளம் அளவுத் தாள். காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு மேலே போவேன். கையால் தொடக் கூடாது. இடுக்கியால் நேற்றைய தாளை எடுத்து மூடித் தட்டில் வைத்து, புதுத் தாளைப் பொருத்தி, நேரத்தை நோட்டில் எழுதி, பழையதை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் பிடிப்பேன். வைக்கும்போது அரிசிமாவு மாதிரி வெள்ளை. எடுக்கும்போது தோசைக்கல்லின் அடி.

முதல் தாளை எடுத்த அன்று மகளும் கூட இருந்தாள். "ம்மா, இது எல்லாம் ஒரு நாள்ல வந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கறுப்பு என்றால் ஒரே கறுப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. தாளை நீரில் ஊற வைத்து, அந்த நீரைக் கருவியில் ஏற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் முகத்தைக் காட்டுகிறது. உலோகமும் கரியும் பார்க்க மட்டும் தாளில் ஒரு துண்டை வெட்டி வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். நான் படித்துக் கற்றவள் இல்லை, குடுவை கழுவிக்கொண்டே காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டவள். ஆனாலும் சில மாதத்தில் ஆளைப் பார்த்துத் தெருவைச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியேறும் கந்தக வாயு, வானத்தில் ஈரத்தோடு சேர்ந்து சல்பேட்டாக மாறுகிறது. கூடவே அமோனியத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. எங்கள் தாளில் இந்த ஜோடிதான் ராஜா ராணி. வெனேடியம், நிக்கல் என்று இரண்டு உலோகம். கப்பலும் பெரிய கொதிகலனும் குடிக்கிற கெட்டியான கசடு எண்ணெய் எரிந்தால் வருவது. விறகோ சருகோ கொட்டாங்குச்சியோ எரிந்தால் பொட்டாசியமும் கரியும் வரும். கடல் உப்பில் இருக்கும் சோடியம் கொஞ்சம்போல வரும், ஏனென்றால் உப்புத் துகள் பருமன், பாதிக்கு மேல் முதல் தட்டிலேயே தங்கிவிடும்.

அப்படியென்றால் தாள் பேசும். என் அடுப்பா, அவர்கள் புகைபோக்கியா என்று தாளே சொல்லும். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் கழுவிய குடுவைகளையெல்லாம் அன்றைக்குத்தான் நான் மரியாதையோடு பார்த்தேன்.

நான்கு மாதத் தாள்களின் முடிவு ஒன்றாக வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டார். கணினித் திரையில் ஒரு கோடு தரையோடு போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே பல்வரிசை மாதிரி குத்துக் குத்தாக எழும்பி இறங்கியது.

"இது பொட்டாசியம். கரியும் அதே நாள்ல ஏறுது. ஏழு நாளைக்கு ஒரு தடவை. என்ன கிழமைன்னு பாருங்க."

பார்த்தேன். வெள்ளி. அதற்கு முந்தியதும் வெள்ளி. நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் எல்லாம் வெள்ளி.

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல யாரோ வெள்ளிக்கிழமை என்னமோ எரிக்கிறாங்க. ரொம்பப் பக்கத்துல."

திரும்பவும் வீட்டுப் புகையா? டாக்டர்கள் சொன்னதுதான் சரியா? பஸ்ஸில் வரும்போதே யார் என்று தீர்மானித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் எனக்கும் ஏற்கெனவே தண்ணீர்க் குழாயில் தகராறு. இறங்கிய வேகத்தில் அவள் வாசலில் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை குப்பையைக் கொளுத்துகிறாயா என்று எகிறினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "இன்னாமே பேஜாரு பண்ற? நான் எதையும் கொளுத்தல. உன் வூட்டு மாடியில இன்னா நடக்குதுன்னு மொதல்ல பாத்துட்டு வா."

அடுத்த வெள்ளிக்கிழமை தாளை மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவது போல் கிளம்பி, தெருமுனைக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். கடலிலிருந்து வந்த அவர் குளித்து, ஈரத்தலையோடு வீட்டுக்குள் போனார். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பின்பக்க ஏணியில் ஏறினேன். மொட்டை மாடியில் என் வீட்டுக்காரர் தூபக்கால் நிறையக் கொட்டாங்குச்சிக் கனல் போட்டு, சாம்பிராணியை அள்ளித் தூவி, மெஷினை மூன்று தடவை சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துத் தொப்பிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மோட்டார் அத்தனை புகையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் வேறு. நான் தினமும் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"யோவ்!"

அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஆராய்ச்சியே நாசம், மேடம் முகத்தில் எப்படி முழிப்பேன், உனக்கு மூளை இருக்கா, கீழே வேண்டாம் என்றால் மேலே வந்து போடுவாயா என்று மூச்சு வாங்க வாங்கக் கத்தினேன். அவர் தூபக்காலைக் கீழே வைத்தார்.

"நீ வூட்டுக்குள்ள போடாதன்ன. போடல. போட் இஞ்சினுக்குக் காட்டறேன்ல, அது நம்மள உயிரோட கரைக்குக் கொண்டாருது. இது நம்ம புள்ளைக்காக ராவும் பகலும் ஓடிக்கினு கீது. இதுக்குக் காட்டாம வேற எதுக்குக் காட்டுவேன்மே?"

கோபம் அப்படியே இருந்தது, அழுகையும் வந்தது. மெஷினின் வேலையே புகையைப் பிடிப்பது என்று அவருக்கு விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப் போனது. "அப்ப இத்தினி நாளா நான்தான் கெடுத்துகினு இருந்தனா?" என்றார். அன்றே குடத்துத் தண்ணீரைக் கனலில் ஊற்றினார்.

மேடத்திடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மைதான். அந்த நான்கு மாதத் தாள்களின் முடிவு அதற்குள் அரசின் காற்று மாசு ஆய்வுக் குழு ஒன்றுக்கு அறிக்கையாகப் போய்விட்டிருந்தது. சொன்னால் மொத்த அறிக்கையும் குப்பைக்குப் போகும், வேலையும் போகலாம். ஆனால் சொல்லாவிட்டால் என் வீட்டுப் புகையை என் குப்பத்தின் தலையில் கட்டுவார்கள். மறுநாள் போய் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார் என்று நினைத்தேன், இல்லை, இருமினார்.

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்னு திட்டவும் முடியல. உங்களுக்கே தெரியாதே." திரையைத் தன் பக்கம் திருப்பினார். வெள்ளிக்கிழமைகளை ஒரு பக்கம், மற்ற நாள்களை ஒரு பக்கம் என்று பிரித்தார். சாயங்காலம் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமைத் தாளில் பொட்டாசியமும் கரியும் ஏறியிருந்தன. ஆனால் சல்பேட் ஏறவில்லை. அமோனியம் ஏறவில்லை. வெனேடியமும் நிக்கலும் தங்கள் பாட்டுக்குக் காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அதற்குத் தக்கபடி ஏறி இறங்கின. வெள்ளி, சனி என்று அவற்றுக்குக் கிழமையே கிடையாது.

"இதைவிட நல்லா நாம திட்டம் போட்டாலும் செஞ்சிருக்க முடியாது" என்றார் மேடம் மெதுவாக. "உங்க வீட்டுப் புகை எப்படி இருக்கும்னு தனியா, சுத்தமா நம்மகிட்ட இருக்கு. மத்த நாள்ல இருக்கிறது அது இல்லைன்னு இப்ப உறுதியா சொல்லலாம்."

அதற்கு அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளின் தாள்களும் வந்தன. குத்துகள் இல்லை. கோடு தரையோடு போனது. தாள் மட்டும் அதே தோசைக்கல்லின் அடிதான். மகளுக்கு அந்த மாதமும் இரண்டு தடவை இழுத்தது.

குழுவின் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடம் திருத்திய அறிக்கையை முன்பே அனுப்பியிருந்தார், யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மேடையில் நடுவே தலைமை அதிகாரி. ஓரத்தில் கம்பெனிகள் கூட்டாக அமர்த்திய ஓர் ஆலோசகர், இஸ்திரி கலையாத நீலச் சட்டை. அவர் பழைய அறிக்கையின் பல்வரிசைப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்.

"டேட்டா தெளிவா சொல்லுது. பொட்டாசியம், கார்பன். இது வீட்டுப் புகை. சோடியம், குளோரைடு வேற இருக்கு, கடலோரம்னா உப்புக் காத்து இருக்கத்தான் செய்யும். மக்கள்கிட்ட விழிப்புணர்வு குறைவு. அடுப்பு, குப்பை, பூஜை இதைப் பத்தி குப்பங்கள்ல முகாம் நடத்தலாம்."

பூஜை என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். மேடம் எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னேன். டாக்டர் அறையில் இத்தனை வருடம் வராத வாய் அங்கே வந்தது.

"சார், அந்தப் புகை என் வீட்டுது. என் வீட்டுக்காரரு மெஷினுக்குச் சாம்பிராணி காட்டுனாரு."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இந்தத் தடவை எங்கள் குப்பத்து ஆட்களும் சேர்ந்தே சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பின்வரிசையிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது: "ஆமா சார், நான்தான் காட்டுனேன். எய்திக்கோ."

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார் அது. வெள்ளிக்கிழமையைத் தள்ளிடுங்க. மீதி ஆறு நாள் தாளைச் சுவத்துல போடுங்க. அதுல சல்பேட் இருக்கு, வெனேடியம் இருக்கு, நிக்கல் இருக்கு. எந்தச் சாம்பிராணிக் கட்டியில சார் வெனேடியம் இருக்கு? கடைப் பேரு சொல்லுங்க, நானே போய் வாங்கி எரிச்சுக் காட்டறேன். அப்புறம் உப்புன்னீங்க. உப்புன்னா சோடியம் ஒரு அளவு இருந்தா குளோரைடும் அதுக்குத் தக்க அளவுதான் இருக்கணும். எங்க தாள்ல சோடியம் கொஞ்சூண்டு, குளோரைடு அள்ளிக் கொட்டியிருக்கு. அந்த மிச்ச குளோரைடு எந்தக் கடல்லேர்ந்து வந்துச்சு? எங்க கடல் இல்ல சார் அது."

ஆலோசகர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "அவங்க சொல்றது சரி, நாலாவது பக்கத்துல இருக்கு" என்றார். காகிதம் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"அம்மா, உங்க உணர்வு புரியுது" என்றார் தலைமை அதிகாரி. "ஆனா வாய்ச்சொல்லா இருந்தா பதிவு பண்ண முடியாது. புகை உங்க வீட்டுதுன்னு ஒப்புக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

மிரட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. கையெழுத்து என்றால் நடுங்கி உட்கார்ந்துவிடுவோம் என்று நினைப்பு.

"போடறேன், கொடுங்க."

மேடையேறிப் போய் அவர் மேசையிலேயே நின்றபடி எழுதினேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிப் புகை காட்டப்பட்டது, தாளில் உள்ள அன்றைய பொட்டாசியமும் கரியும் எங்களுடையவை, தெரிந்த அன்றே நிறுத்திவிட்டோம், அடுத்தடுத்த வாரத் தாள்கள் சாட்சி. கீழே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் போட வைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: மீதி ஆறு நாள் புகை எங்களுடையது, தெரிந்ததால் நிறுத்துகிறோம். அதன் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளை ஆலோசகர் பக்கம் நகர்த்திப் பேனாவையும் அதன் மேல் வைத்தேன்.

"இப்ப நீங்க போடுங்க சார்."

அவர் பேனாவைத் தொடவில்லை. அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கும்மா" என்றார்.

"என் தப்பா இருந்ததை நான் ஒரே நாள்ல நிறுத்திட்டேன் சார்" என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "எல்லாமே என் தப்பா இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும் தெரியுமா? எல்லாத்தையும் அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். என் பொண்ணு இந்நேரம் ஓடி விளையாடியிருப்பா."

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் விடவில்லை. நகல் எடுத்து மாதம் ஒரு தடவை பதிவுத் தபாலில் அவர்களுக்கு அனுப்புகிறேன், வாங்கிக்கொண்டதற்கான அட்டை தவறாமல் திரும்பி வருகிறது. எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் கீழே அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையிலும் மகள் இன்ஹேலரை இரண்டு தடவை அடித்துக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.